தேவிகுளத்தில் தண்ணீர் 94 டிகிரியில் கொதிக்கும்

சென்ற வாரம் நான் பதிவிட்ட படத்தில், ஜீப்பின் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் தெரிந்த வெண்ணிறத் தொட்டி எதற்கென்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். கண்ணாடி கழுவும் நீர்த் தொட்டியா என்று ஒருவர். அல்ல, அது எஞ்சினின் குளிர்நீர் விரிவதற்கான தொட்டி. அதைத் தேர்ந்தெடுத்துக் குழாய் பூட்டுவதற்கு என் விடுமுறையில் பாதி போயிற்று. வெப்பப் பரிமாற்றத்தில் ஆய்வு செய்கிறவனுக்கு இதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். ஆய்வகத்தில் என் குழாய்கள் எப்போதும் கிடைமட்டமாகவே இருக்கின்றன என்பதே அதற்கு விடை.

முதலில் வண்டியைப் பற்றி. லோட்டஸ் செவன் 1957இல் வெளிவந்தபோது அதைப் பாகங்களாகவே வாங்கி வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொள்ள முடிந்தது. முழுக் காருக்கு விதிக்கப்பட்ட வரி பாகங்களுக்கு இல்லை என்பதால் பிரிட்டனில் அதுவே ஒரு மரபாயிற்று. நம்மிடம் அந்த மரபு இல்லை. ஆனால் இந்தியாவில் ஜீப்பின் வரலாறே பூட்டு வேலையில்தான் தொடங்குகிறது. 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகள் கழற்றிய பாகங்களாகப் பம்பாய்க்கு வந்து, மகிந்திரா நிறுவனத்தாரால் பூட்டப்பட்டன. மாமாவின் எம்எம் 540இலும் இன்று ஆலையில் இருந்து வந்தபடியே எஞ்சியிருப்பவை அடிச்சட்டமும் 2,112 சிசி பூஜோ டீசல் எஞ்சினும் மட்டுமே. உடற்கூடு புதிது. ரேடியேட்டரின் உள்ளடுக்கு போடியில் மாற்றியது. மற்றவை சென்னை புதுப்பேட்டையிலும் வேறெங்கெங்கோவும் பொறுக்கியவை. தோட்டத்து ஜீப் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இப்படித்தான்.

இந்த மலைக்கு அது புதிதுமன்று. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாறியது. 1924 வெள்ளம் அதை அள்ளிக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும், கொட்டகுடிக்கு இறங்கிய கம்பிவடப் பாதையின் மேல்முனையை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது. இரயிலும் வடமும் போனபின் சரிவை ஏறுகிற வேலை சாலைக்கும் சக்கரத்துக்கும் வந்தது.

மாமாவின் ஜீப்புக்கு இரண்டாண்டுகளாக இன்னொரு வேலையும் உண்டு. அத்தைக்கு வாரம் இருமுறை தேனியில் டயாலிசிஸ். போகும்போது இறக்கம், வண்டிக்குத் தொல்லையில்லை. திரும்பும்போதுதான் போடியிலிருந்து போடிமெட்டு வரைக்கும் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றம், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் மூடியோரம் ஆவி சீறும். வண்டியை ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருந்து களைத்துப் போன உடம்புடன், மழையிலும் பனியிலும் அத்தை முன்னிருக்கையில் சாய்ந்திருப்பார். ஒருநாள் மாமா மூன்றாவது குடத்தை ஊற்றியபோது சொன்னார்: "எனக்குத்தான் டாக்டர் தண்ணிய அளந்து குடுக்குறாரு. இதுக்கு அளவே இல்ல போல."

மாமாவின் முறைப்பாடு வேறு. "மாப்ள, கொதிக்கணும்னா மொதல்ல சூடாகணும்ல? முள்ளு செவப்புக்கே போகல. இது சூடாகாமயே கொதிக்குது." வண்டிக்குக் கண்ணேறு பட்டதாகச் சொல்லி எலுமிச்சம்பழம் கட்டியாயிற்று.

அவர் சொன்னது துல்லியமான கவனிப்பு. 1835இல் ஆண்டிஸ் மலையைக் கடந்த டார்வினின் துணையாட்கள், இரவெல்லாம் கொதித்தும் உருளைக்கிழங்கு வேகாததைக் கண்டு, பாழாய்ப்போன பானைக்கு வேகவைக்க மனமில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். பானை கொதித்தது, ஆனால் சூடாகவில்லை. உயரம் 300 மீட்டர் கூடும்போது நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்குகிறது. போடியில் 99 டிகிரிக்குச் சற்றுக் கீழே. போடிமெட்டில் 95ஐ ஒட்டி. 1,800 மீட்டர் உயரமுள்ள தேவிகுளத்தில் 94. லயத்து வீடுகளில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைத்த பாட்டிகளுக்கு இது பாடமாகச் சொல்லப்பட வேண்டியதில்லை. ஜீப்பின் வெப்பமானி முள்ளோ கடல் மட்டத்தை மனத்தில் வைத்து வரையப்பட்டது. தெர்மோஸ்டாட் 82இல் திறக்கிறது என்றால், மூடி அழுத்தத்தைத் தாங்காத வண்டிக்கு மேலே மிஞ்சுவது 12 டிகிரிதான். இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும் எஞ்சின் கூடுதலாக உழைக்கிறது, எதிர்க்காற்று இல்லை, காற்றின் அடர்த்தியே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. ஏற ஏறத் தேவை கூடுகிறது, இருப்பு குறைகிறது.

பழைய மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அதில் 7 என்ற எண் இருந்தது. பவுண்டுக் கணக்கு, அதாவது அரை பார். சுருள்வில் தளர்ந்து, ரப்பர் வளையம் வெடித்திருந்தது. எண் மட்டும் ஏழு, தாங்கியது சுழியம். 1679இல் டெனிஸ் பாப்பின் அழுத்தக் கலம் செய்து பின்னர் அதற்குப் பாதுகாப்பு வால்வு வைத்தாரே, அந்த வகை வால்வின் பேரன்தான் இந்த மூடி. குக்கரில் விசில் குண்டு இல்லாவிட்டால் அது வெறும் பானை.

மூடியை மட்டும் மாற்றினால் போதாதா? கொதிநிலையைப் பொறுத்தவரை பாதி போதும். மீதி, காற்றுப் பிரச்சினை. குளிர்நீர்ப் பாதைக்குள் சிக்கிய காற்று சிலிண்டர் தலையில் தங்கினால், அவ்விடத்தில் உலோகம் நீரால் நனைவதில்லை. வெப்பம் கடத்தப்படாமல் உள்ளூர ஆவி எழும், அது மேலும் நீரைத் தள்ளும். முன்னர் பொருத்தியிருந்த சிறு பாட்டில் வழிநீரைப் பிடிக்கும் பாட்டில் மட்டுமே. அழுத்தமில்லாதது. சூட்டில் தள்ளப்படும் நீரை வாங்கிவைத்து, ஆறும்போது திருப்பித் தரும்; காற்றைப் பிரிக்காது. நான் சொல்லும் விரிவுத் தொட்டியில் நீரோட்டம் உண்டு, அழுத்தம் உண்டு, அழுத்த மூடியே அதன்மேல்தான் இருக்கும். இரண்டுக்கும் கடைக்காரர்கள் ஒரே பெயர் சொல்லி விற்கிறார்கள் என்பதால் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்கிறேன்.

கொள்ளளவுக் கணக்கு எளிது. மாமாவின் வண்டியில் மொத்தம் ஏறத்தாழ 10 லிட்டர். அறை வெப்பத்திலிருந்து 95 டிகிரிக்குப் போகும்போது நீர் 4 விழுக்காடு விரியும். கூலண்ட் கலந்தால் இன்னும் சற்று. அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் இழப்பை ஈடுகட்டச் சேமிப்பு, அதற்கும் மேல் அமுங்குவதற்குக் காற்று. காற்றுக்கு இடம் குறைந்தால் அழுத்தம் சட்டென ஏறி மூடி தினமும் திறந்துகொள்ளும். ஆகவே இரண்டரை லிட்டர்த் தொட்டி. ஆறியிருக்கையில் ஒரு லிட்டர் நீர்.

எந்தப் பொருளில் என்பதில் எங்களுக்குள் இரண்டு நாள் வழக்கு நடந்தது. போடியில் ரேடியேட்டர் ஈயம் வைக்கும் பெரியவர் பித்தளையில் அழகாகச் செய்து தருவார், காலத்துக்கும் நிற்கும் என்றார் மாமா. நிற்கும்தான். நான் கேட்டது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். காரணம் மாமாவின் வலது முன்கையில் இருக்கிறது: மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெளிறிய தோல். நீர் இருக்கிறதா என்று பார்க்க, கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் துணிபோட்டுத் திறந்தபோது வெந்தது. மூடி சரியாக இருந்து, உள்ளே 110 டிகிரியில் 10 லிட்டர் நீர் இருக்கிறது என்று கொள்ளுங்கள். தேவிகுளத்தில் மூடியைத் திறந்த நொடியில் அது 94க்கு இறங்கியாக வேண்டும். அந்த 16 டிகிரி வெப்பமும் ஆவியாதலில் செலவாகும்: நூற்றுக்கு மூன்று பங்கு, 300 கிராம். கையளவு நீர்தானே என்று தோன்றும். அந்த அழுத்தத்தில் அது 600 லிட்டர் ஆவி, மூன்று பீப்பாய். அது வெளியேறும் வழி கையகலத் துவாரம், தன்னோடு கொதிநீரையும் இழுத்துக்கொண்டு வரும். திறக்காமலே மட்டம் தெரியும் தொட்டியை விட வேறெந்த நயமும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு டீசல் வேனுக்குரிய தொட்டியைப் புதிதாகவே வாங்கினோம். பழைய பிளாஸ்டிக் தொட்டிகள் ஒட்டுக்கோட்டில் விரிசல் விடும். இதில் மட்டும் பொறுக்குச் சாமான் வேண்டாம்.

மூடியின் அழுத்தத்தில் மாமா என்னை வென்றார். 13 பவுண்டு மூடி போட்டால் தேவிகுளத்தில் வெறும் நீரே 115 டிகிரி வரை கொதிக்காது என்று கணக்குக் காட்டினேன். "கணக்கு சரி. ஈயம் வச்ச இடம் அத்தனையும் அதத் தாங்கணும்ல? ராத்திரி பத்து மணிக்குப் பதினோராம் வளைவுல ஹோஸ் வெடிச்சா ஒன் கணக்கா வந்து தள்ளும்?" என்றார். 10 பவுண்டில் உடன்பட்டோம். அதிலும் 111 டிகிரி கிடைக்கிறது. மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் கலந்தால் மேலும் சில டிகிரி. கூலண்ட் குளிர்நாட்டு ஆடம்பரம் என்று சமவெளியில் நினைப்பார்கள். சனவரியில் மூணாற்றுத் தோட்டங்களில் உறைபனி படிந்து புல் வெளுத்துக் கிடப்பதைக் கண்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மேலே கொதிக்கவும் கீழே உறையவும் ஒரே வண்டிக்கு ஒரே ஆண்டில் வாய்ப்பிருக்கிறது.

இனி, இடம். நூல்கள் எல்லாம் தொட்டி மண்டலத்தின் மிக உயர்ந்த புள்ளியாக இருக்க வேண்டும் என்கின்றன. எந்தத் தரையில் நிற்கும்போது உயர்ந்த புள்ளி? நகரத்துப் பட்டறை ஒன்றில் முன்பு காட்டியபோது, எஞ்சினுக்குப் பின்னால் ஓட்டுநர் பக்கத் தகட்டில் வைக்கச் சொன்னார்கள். இடம் தாராளம், மட்டத்தரையில் ரேடியேட்டரின் தலையைவிட ஐந்து சென்டிமீட்டர் உயரமும் கிடைக்கும். ஆனால் ரேடியேட்டருக்கும் அந்தத் தகட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர். பத்துக்கு ஒன்று சரிவில் வண்டி மூக்கை உயர்த்தினால் முன்பக்கம் பத்து சென்டிமீட்டர் மேலே போகிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் கல்பாதையில் இன்னும் அதிகம். மிக அதிகமாகக் குளிர்விக்க வேண்டிய அந்தத் தருணத்தில்தான் தொட்டி தாழ்ந்து, காற்று முழுதும் ரேடியேட்டரின் தலையில் சேரும். மலைக்கு ஏற்ற இடம் முன்பக்கம்தான். இடப்பக்க மட்கார்டின் உட்புறத்தில், ரேடியேட்டர்த் தலைக்கு இணையாக, பானெட்டுக்கு இரண்டு விரல் இடம்விட்டு ஒரு தாங்கி செய்தோம். இறக்கத்தில் மூக்கு தாழும்போது காற்று சிலிண்டர் தலையின் பின்பக்கம் போகுமே என்ற ஐயம் நியாயமானது. ஆனால் இறங்கும் எஞ்சின் உழைப்பதில்லை; மட்டத்துக்கு வந்ததும் காற்று முன்னே வந்துவிடும்.

குழாய்கள் மூன்று. தொட்டியின் அடியிலிருந்து முக்கால் அங்குலக் குழாய் ஒன்று, தண்ணீர் பம்பு உறிஞ்சும் பக்கத்துக்கு, அதாவது ரேடியேட்டரின் கீழ்க்குழாயில் ஒரு டீ வைத்து. உறிஞ்சும் பக்கம் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பம்பின் வாயில் அழுத்தம் தாழ்ந்தால் நீர் அங்கேயே குமிழியிட்டு இறக்கைகளை அரிக்கும். தொட்டியின் அழுத்தம் அவ்விடத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. மேல்குழாயில் இணைத்தால் பம்பு நீரைத் தொட்டிக்குள் தள்ளி மூடிவழியே வெளியேற்றும். மற்ற இரண்டும் கால் அங்குலக் காற்றுக் குழாய்கள்: ஒன்று ரேடியேட்டர்த் தலையிலிருந்து, மற்றது தெர்மோஸ்டாட் கூட்டிலிருந்து. இரண்டையும் வழியில் ஒன்றாக்காமல் தனித்தனியே தொட்டியின் மேற்பகுதியில் சேர்க்க வேண்டும். இரு முனைகளிலும் அழுத்தம் வேறு என்பதால், இணைத்தால் ஒன்றின் நீர் மற்றதற்குள் திரும்பும். அகலக் குழாய் போட்டால் சூடான நீர் ரேடியேட்டரைச் சுற்றிக் குறுக்குவழி தேடும். தொட்டிலைப் போல் தொங்கவும் விடக் கூடாது. தொங்கும் வளைவில் நீர் தேங்கிக் காற்றை மறிக்கும். எங்கள் முதல் பூட்டில் ரேடியேட்டர்க் குழாய் நீளமாகித் தொங்கியது. வேறு வார்த்தை பேசாமல் அதை ஒரு சாண் வெட்டியெறிந்தவர் மாமா.

இவை எதுவும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களை மாற்றும் வேலையன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை நினைத்துக் கவலைப்படும் சட்டத்துறை நண்பர்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

நீர் நிரப்பியது வீட்டு வாசலின் ஏற்றத்தில், மூக்கை மேலே வைத்து. எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து, காற்றுக் குழாய்களில் குமிழிகள் ஓய்வதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. ஆறியபின் மட்டம் நின்ற இடத்தில் மாமா கருப்பு மையால் ஒரு கோடு போட்டார்.

செவ்வாயன்று தேனிக்குப் போய்த் திரும்பினார்கள். நானும் பின்னிருக்கையில். போடிமெட்டில் நிறுத்தி பானெட்டைத் திறந்தோம். முள் 90ஐச் சற்றுத் தாண்டியிருந்தது, தொட்டியில் நீர் கோட்டுக்கு மேலே நான்கு விரல். மாமாவின் கை பழக்கத்தில் மூடியை நோக்கிப் போய், பாதியில் நின்றது. அத்தை கண்விழித்து, "என்னங்க, ஊத்தணுமா?" என்றார். "வேணாம்" என்று பானெட்டைச் சாத்தினார். மறுநாள் காலையில் நீர் கோட்டுக்கே திரும்பியிருந்தது. கீழ்க்குழாய் மட்டும் அடிச்சட்டத்தில் உரசுகிறது. பழைய டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறோம், அடுத்த முறை மேலே வரும்போது ஒரு கிளிப் போட வேண்டும்.