கோழித்தொடையில் தொடங்கும் படிப்பு

எம்.பி.பி.எஸ்., அதன்மேல் மூன்று வருடம் எம்.எஸ்., அதற்கும் மேல் மூன்று வருடம் எம்.சிஹெச். பிளாஸ்டிக் சர்ஜரி. இத்தனையும் முடித்த இளம் மருத்துவர் கோவையின் ஒரு பயிற்சிக்கூடத்தில் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே தைத்துக்கொண்டிருந்தது, கறிக்கடையில் வாங்கிய கோழித்தொடையின் ரத்தக்குழாயை. அதற்கு முன்பு கையுறை ரப்பரைக் கீறித் தைத்துப் பழகினாராம்.

"நீங்களும் பாருங்க சார்" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். குழாயின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டர்தான். அதைச் சுற்றி ஆறிலிருந்து எட்டுத் தையல். 10-0 என்ற அளவுள்ள அந்த நூல் தலைமுடியைவிட மெல்லியது. மேசையில் கிடந்த துண்டு என் கண்ணுக்கு அகப்படவே இல்லை. லென்ஸில் தாம்புக்கயிறாகத் தெரிந்தது. நாளை அறுந்த விரலை ஒட்டும்போது ஊசி பின்சுவரையும் சேர்த்துக் குத்திவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும், விரல் கறுத்துவிடும்.

அறுந்த கட்டைவிரலை இப்படி ஒட்டவைத்துக் காட்டியவர்கள் ஜப்பானின் கோமாட்சுவும் தமாயும், 1965-இல். தமிழ்நாட்டில் கை அறுவைக்கென்று தனிப் பிரிவை சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-இல் தொடங்கினார். கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசபாபதி 1991 முதல் வளர்த்த பிரிவுக்கு வெளிநாட்டு மருத்துவர்களும் பயிற்சிக்கு வருகிறார்கள். பவர் பிரஸ்ஸும் மில்லும் வார்ப்படப் பட்டறையும் நிறைந்த ஊருக்கு இந்த வைத்தியம் ஆடம்பரமில்லை.

மூத்த மருத்துவரோடு வார்டுக்குப் போனேன். பிரஸ்ஸில் ஆள்காட்டி விரலை இழந்த தொழிலாளி. துண்டான விரலை ஐஸுக்குள் நேராகப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். எத்தனை தடவை சொன்னாலும் ஊருக்குள் போய்ச் சேரவில்லை என்று அலுத்துக்கொண்டார் மருத்துவர்.

"வெரலு ஒட்டிக்குமுங்களா?" என்றார் தொழிலாளியின் மனைவி.

மருத்துவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒட்டினாலும் நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மாதக்கணக்கில் பிசியோதெரபி. அதன்பிறகும் விரல் மடங்காமல் விறைத்து நின்றால் மற்ற விரல்களுக்கும் இடைஞ்சல். ஒட்டாமல் காயத்தை மூடிவிட்டால் ஆள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். கட்டைவிரல் என்றால் இந்த யோசனையே கிடையாது. ஒட்டத்தான் பார்ப்பார்கள், முடியாவிட்டால் கால்விரலை எடுத்துக் கையில் வைப்பார்கள். தைக்கத் தெரிந்தவர் நிறையப் பேர் உண்டு. எதைத் தைக்காமல் விடுவது என்பதற்குத்தான் இந்தத் தொழிலில் வயதாக வேண்டியிருக்கிறது.

"வீட்ல எத்தனை பேருங்க? சம்பளம் இவருதுதானுங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.