வாசலை மறித்த கவர்னர்

கவர்னர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பெரிய தோட்டம், வாசலில் சிப்பாய், புது மந்திரிகளுக்குப் பிரமாணம் செய்து வைப்பது, பட்டமளிப்பு விழாவில் அங்கி தரித்து நிற்பது. இவ்வளவுதானே? நம் கவர்னரை ஜனாதிபதி நியமிக்கிறார். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு ராஜ்யத்திலும் ஜனங்களே ஓட்டுப் போட்டுக் கவர்னரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதல் மந்திரிக்கு உள்ளதைப் போன்ற அதிகாரம் அவர் கையில். ராஜ்யத்துப் போலீஸ் அவர் சொன்னபடி கேட்கும். இதை முதலில் சொல்லாவிட்டால் ஜார்ஜ் வாலஸ் என்பவரின் கதை உங்களுக்கு விளங்காது.

அலபாமா என்ற தென் ராஜ்யத்தில் 4 தடவை கவர்னர் தேர்தலில் ஜெயித்தவர் வாலஸ். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கவே கூடாது என்று முழங்கியவர். அதே மனிதர் பிற்காலத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, கறுப்பர்களிடம் மன்னிப்புக் கேட்டார். "பாவம், மனசு மாறிவிட்டது. அதற்கு மேல் அவரை ஏன் நோண்டுகிறாய்?" என்கிறார் எதிர் வீட்டு மாமி. மூன்று நாளாக எங்கள் இருவருக்கும் இதே வழக்கு. நீங்களும் கொஞ்சம் கேளுங்கள்.

மாமி சொல்வதில் எனக்கு உறுத்துவது "மாறிவிட்டது" என்ற வார்த்தைதான். வாலஸ் பிறக்கும்போதே வெறுப்பைக் கூடப் பிறந்தவராகக் கொண்டு வரவில்லை. 1950-களில் அவர் ஜட்ஜாக இருந்தார். அந்தக் காலத்துத் தென் ராஜ்யக் கோர்ட்டுகளில் கறுப்பு வக்கீலைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், வீட்டு வேலைக்காரனைக் கூப்பிடுவது போல. செஸ்ட்நட் என்ற கறுப்பு வக்கீல், கோர்ட்டில் தம்மை "மிஸ்டர்" என்று அழைத்த முதல் ஜட்ஜ் வாலஸ்தான் என்று பின்னால் சொன்னார். கறுப்பர்களின் பெயர் பெற்ற கல்வி நிலையமான டஸ்கீகியின் நிர்வாகக் குழுவிலும் வாலஸ் இருந்திருக்கிறார். அதாவது, எது மரியாதை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

1958-ல் முதல் முறையாகக் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டார். கறுப்பர் உரிமைச் சங்கம் அவரை ஆதரித்தது. எதிர்த்து நின்ற பாட்டர்சனுக்கு, முகமூடி போட்டுக் கொண்டு கறுப்பர்களை அடித்துக் கொன்ற கூ கிளக்ஸ் கிளான் கூட்டம் ஆதரவு. வாலஸ் தோற்றார். இனி இந்த விஷயத்தில் எவனும் தம்மை முந்த விடமாட்டேன் என்று அன்றிரவு அவர் சபதம் செய்ததாகச் சொல்வார்கள். அவர் மறுத்தார். சபதம் செய்தாரோ இல்லையோ, அதன்படியே நடந்தார். 1962-ல் ஜெயித்தார். 1963 ஜனவரி 14-ந் தேதி பதவி ஏற்றபோது, இன ஒதுக்கல் இன்றும் உண்டு, நாளையும் உண்டு, என்றென்றும் உண்டு என்று பிரசங்கம் செய்தார். அந்தப் பிரசங்கத்தை எழுதிக் கொடுத்தவர் கிளான் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர்.

அதே வருஷம் ஜூன் 11. விவியன் மலோன் என்ற 20 வயதுப் பெண்ணும், ஜேம்ஸ் ஹூட் என்ற பையனும் அலபாமா சர்வகலாசாலையில் சேர வந்தார்கள். சேர்த்துக் கொள்ளும்படி கோர்ட்டு உத்தரவு இருந்தது. கவர்னர் என்ன செய்தார் தெரியுமா? பெயர் பதியும் கட்டடத்தின் வாசலில் தாமே போய் நின்று கொண்டார். எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் வெள்ளைக் கோடு வேறு போட்டிருந்தார்கள். முன்னால் மேஜை, மைக், சுற்றிலும் டெலிவிஷன் காமிராக்கள். சபா நாடகம் தோற்றது, போங்கள்! மத்திய சர்க்கார் அதிகாரி காட்சன்பாக் வந்து வழி விடச் சொன்னார். கவர்னர் நீளமான அறிக்கை ஒன்றை வாசித்தார். ஜனாதிபதி கென்னடி அலபாமாவின் தேசியக் காவல் படையைத் தம் அதிகாரத்தின் கீழ் எடுத்துக் கொண்டார். பிற்பகல் அந்தப் படையின் ஜெனரலே வந்து சொல்ல, வாலஸ் விலகி நடந்தார்.

எல்லாப் புத்தகங்களிலும் இந்த வாசல் காட்சிதான் படமாக வருகிறது. எனக்குப் பிடித்தது வேறொன்று. கவர்னர் அறிக்கை வாசித்து முடித்ததும், காட்சன்பாக் நேரே காருக்குப் போனார். அதில் காத்திருந்த விவியனை ஹாஸ்டலுக்கு அழைத்துப் போய் அவளுடைய அறையில் விட்டார். அறைச் சாவி முன்பே தயார். அந்தப் பெண் முகம் கழுவிக் கொண்டு, பயப்படாமல், எல்லாரும் சாப்பிடும் கூடத்துக்கு இறங்கி வந்து உட்கார்ந்தாள். வெள்ளைக்காரப் பெண்கள் சிலர் தாங்களாகவே வந்து அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கவர்னர் கட்டடத்தைக் காத்துக் கொண்டிருக்க, அவள் பகல் சாப்பாட்டையே முடித்துவிட்டாள்!

சிரிக்கலாம். ஆனால் கவர்னர் வாசலில் நின்றால், அவருக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர் தைரியம் பெறுகிறார்கள். செப்டம்பர் 15-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பர்மிங்ஹாம் நகரில் கறுப்பர்களின் மாதா கோயிலில் வெடிகுண்டு வெடித்தது. 4 சிறுமிகள் மாண்டார்கள். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. அந்தக் குழந்தைகளின் ரத்தம் உங்கள் கையில் என்று டாக்டர் மார்ட்டின் லூதர் கிங், வாலஸுக்குத் தந்தி கொடுத்தார். 1965 மார்ச் 7-ந் தேதி, ஓட்டுரிமை கேட்டுச் செல்மா நகரிலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்ட சுமார் 600 பேரைப் பாலத்தில் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் தாக்கியதில் முன் நின்றது கவர்னரின் போலீஸ்.

நடுவில் அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லர்லீன் அம்மாளுக்கு 1961-ல் பிரசவ ஆபரேஷன் நடந்தபோதே புற்றுநோய் சந்தேகம் தெரிந்தது. டாக்டர் அதைப் புருஷனிடம் மட்டும் சொன்னார். புருஷன் மனைவியிடம் சொல்லவில்லை. (நம் வீடுகளிலும் இந்த வழக்கம் உண்டு; "அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்று கூடத்தில் கிசுகிசுப்பார்கள்.) 1965-ல் நோய் முற்றித் தெரிந்தபோதுதான் அந்த அம்மாளுக்கு விஷயம் தெரிந்தது. ஆபரேஷன் ஆனது. அடுத்தடுத்து இரண்டு முறை ஒருவரே கவர்னராக இருக்கச் சட்டம் இடம் தராததால், 1966-ல் வாலஸ் அவரையே தேர்தலில் நிறுத்தினார். ஜெயித்து, அலபாமாவின் முதல் பெண் கவர்னரானார் லர்லீன். மனநல ஆஸ்பத்திரிகளின் நிலையைப் போய்ப் பார்த்துக் கலங்கி, பணம் ஒதுக்கப் பாடுபட்டார். பள்ளிக்கூட விஷயத்தில் மட்டும் புருஷன் பேச்சையே பேசினார். 1968 மே 7-ந் தேதி காலமானார். வயது 41.

அதே வருஷம் ஜனாதிபதி தேர்தலில் நின்று 5 ராஜ்யங்களைப் பிடித்தார் வாலஸ். 1972 மே 15-ந் தேதி, மறுபடியும் ஓட்டுக் கேட்டுப் போன இடத்தில் ஒருவன் சுட்டான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு ஒருவர் பார்க்க வந்தார். ஷெர்லி சிஷோம். அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்புப் பெண்மணி. அதே ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டுக் கொண்டிருந்தவர். உம்முடைய ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று வாலஸ் கேட்டாராம். என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் உமக்கு நேர்ந்தது வேறு எவருக்கும் நேரக்கூடாது என்றாராம் அந்த அம்மாள். வாலஸ் அழுதுவிட்டார். இரண்டு வருஷம் கழித்து, வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று சிஷோம் போராடியபோது, தென் ராஜ்ய அங்கத்தினர்களின் ஓட்டைத் திரட்ட வாலஸ் உதவினார் என்று அவரே சொல்லியிருக்கிறார். "பார்த்தாயா?" என்று மாமி இந்த இடத்தில் தொடையைத் தட்டினார்.

பார்த்தேன். 1979-ல் டாக்டர் கிங் பிரசங்கம் செய்த மாதா கோயிலுக்கே போய் வாலஸ் மன்னிப்புக் கேட்டதையும் பார்த்தேன். 1982-ல் கறுப்பர்கள் பலர் ஓட்டுப் போட்டு அவரை மறுபடியும் கவர்னராக்கியதையும், அவர் கறுப்பர்கள் பலருக்குப் பதவி கொடுத்ததையும் பார்த்தேன். ஆனால் மாமி, அந்தக் கறுப்பர்களுக்கு ஓட்டு எப்படி வந்தது? பாலத்தில் அடிபட்டவர்களால் வந்தது. அந்த அடிக்குப் பிறகுதான் 1965 ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் நிறைவேறியது. ஓட்டு ஒரு பக்கம் இருந்தபோது அந்தப் பக்கம் நின்றார். ஓட்டு இரு பக்கமும் வந்த பிறகு மன்னிப்பும் வந்தது. வலியும் தனிமையும் அவரை உருக்கியிருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லை. எது எவ்வளவு என்று அளக்க என்னிடம் தராசு இல்லை. அடிபட்டவர்களில் ஒருவரான ஜான் லூயிஸே அவரை மன்னித்துவிட்டதாக, 1998-ல் வாலஸ் இறந்த அதே வாரத்தில் எழுதினார். மன்னிக்க அவருக்குப் பாத்தியதை உண்டு. எனக்கும் மாமிக்கும் ஏது?

விவியன் 1965-ல் பட்டம் பெற்றாள்; அந்தச் சர்வகலாசாலையில் பட்டம் வாங்கிய முதல் கறுப்பு மாணவி. பிறகு மத்திய சர்க்காரில் உத்தியோகம். 1996-ல் வாலஸ் குடும்பத்து அறக்கட்டளை தைரியத்துக்கென்று ஒரு பரிசு ஏற்படுத்தி, முதல் பரிசை அவருக்குக் கொடுத்தது. வாலஸும் வந்திருந்தார். பரிசுக்கு வைத்திருந்த பெயர் லர்லீன் அம்மாளுடையது.