ரீ-டேக் கொடுத்த தீவு!

‘‘தொப்பியைக் கழட்டி பைக்குள்ள வெச்சுக்கப்பா. இல்லேன்னா அட்லாண்டிக்லதான் போய்த் தேடணும்!’’

சைக்கிள் வாடகைக்குக் கொடுத்தவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார். பத்து நிமிஷம் மிதிச்ச பிறகுதான் அது ஜோக் இல்லைன்னு புரிஞ்சுது. காத்துன்னா காத்து... அப்படியொரு காத்து!

இடம், இனிஷ்மோர். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே வளைகுடாவின் வாசலில் இருக்கும் மூன்று ஆரன் தீவுகளில் பெரியது. கால்வேயில் படிக்கிற எனக்கும் என் ரூம்மேட்டுக்கும் ஒரு மணி நேரம் பஸ், ரோசவீல் துறைமுகத்திலிருந்து 40 நிமிஷம் படகு. வந்தது ஊர் சுற்ற மட்டும் இல்லை. கோர்ஸுக்காக அஞ்சு நிமிஷ டாகுமென்டரி ஒண்ணு எடுக்கணும். அதுக்கு இதைவிட்டால் வேறு இடம் ஏது? டாகுமென்டரி ஆட்களுக்கு இந்தத் தீவு ஒரு கோயில் மாதிரி!

காரணம், ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி. கேமராவைத் தானே பிடித்துப் படமெடுத்த மனிதர். கனடாவின் பனிப் பிரதேசத்தில் எடுத்த 30,000 அடி ஃபிலிம் 1916-ல் ஒரு சிகரெட் நெருப்பில் எரிந்துபோக, திரும்பவும் போய் எடுத்து 1922-ல் ‘நானூக் ஆஃப் தி நார்த்’தை வெளியிட்டவர். இவருடைய ‘மோனா’ படத்துக்கு விமர்சனம் எழுதியபோதுதான் 1926-ல் ஜான் கிரியர்சன் ‘டாகுமென்டரி’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அந்த ஃப்ளாஹெர்ட்டி இங்கேயே தங்கி எடுத்த படம்தான் ‘மேன் ஆஃப் ஆரன்’ (1934). வெனிஸ் விழாவில் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான பரிசையும் தட்டிச் சென்றது.

முந்தின நாள் ராத்திரி லேப்டாப்பில் பார்த்தோம். பனைமர உயரத்துக்கு அலை... நடுவில் தார் பூசின சின்னப் படகு... கரையில் தவிக்கும் அம்மாவும் பையனும். பாறையில் மண்ணே இல்லாததால், கடல்பாசியையும் மணலையும் சுமந்து வந்து கொட்டி உருளைக்கிழங்குக்கு நிலம் செய்கிறார்கள். மிரண்டுபோனோம்.

அப்புறம்தான் மேட்டரே! அந்த அப்பா, அம்மா, பையன் மூணு பேரும் நிஜக் குடும்பம் இல்லை. முகத்தைப் பார்த்துப் பொறுக்கி எடுத்துச் சேர்த்த தீவுக்காரங்க. படத்தில் வரும் சுறா வேட்டையை இந்த ஊர் விட்டே பல பத்தாண்டுகள் ஆகியிருந்தது. ஃப்ளாஹெர்ட்டிதான் திரும்பக் கற்றுக்கொள்ள வைத்து எடுத்தார். இத்தனைக்கும் அந்த பாஸ்கிங் சுறா, மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் சாதுப் பிராணி! வசனமும் ஸ்பாட்டில் பதிவானது இல்லை. தீவுக்காரர்களை லண்டனுக்கு அழைத்துப்போய்த் தனியாகப் பதிவு செய்தது.

ஆனால், அந்த அலை நிஜம். கேமராவுக்காக அதுக்குள்ள படகு விட்ட ஆட்களும் நிஜம். ஒரு ஷாட்டுக்காக நாலு உயிரைப் பணயம் வைக்கலாமா? இந்தக் கேள்வி மண்டைக்குள் ஓட, சைக்கிளை மிதித்தோம்.

டூன் ஏங்கஸ் கோட்டை. கடலை ஒட்டி, சுமார் 100 மீட்டர் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கும் பழங்காலக் கல் கோட்டை. விளிம்பில் கம்பி வேலி கிடையாது. குப்புறப் படுத்து, தலையை மட்டும் நீட்டிக் கீழே பார்த்தோம். வயிறு கலங்கிடுச்சு! இந்தக் கடல்ல ‘இன்னொரு தடவை போங்க’ன்னு எப்படித்தான் கேட்டாரோ!

திரும்பும் வழியில் கில்மர்வி பக்கம், படத்துக்காகவே ஃப்ளாஹெர்ட்டி கட்டிய குடிசையையும் பார்த்தோம். அங்கேயிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பெரியவர், சரிந்த கல்சுவரைச் சரிசெய்துகொண்டிருந்தார். சிமென்ட் இல்லை, சாந்து இல்லை. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொருந்துகிற பக்கத்தை வைக்கிறார். தீவு முழுக்க இப்படிச் சுவர்கள்தான். அனுமதி கேட்டு கேமராவை ஆன் செய்தேன். ஃபோகஸ் போச்சு.

‘‘அந்தக் கல்லை எடுத்துட்டு, மறுபடி வைக்கிறீங்களா?’’

வைத்தார். எனக்கு ஆசை விடலை. அவர் போட்டிருந்தது பளீர் பச்சை ஜாக்கெட். பின்னாடி டிராக்டர் வேற. ஃப்ரேமில் ‘ஆரன்’ ஃபீல் வரலையே!

‘‘ஜாக்கெட்டை மட்டும் கழட்டினீங்கன்னா...’’

கல்லைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ‘‘குளிருது தம்பி’’ என்றார். அவ்வளவுதான். கோபமெல்லாம் இல்லை.

எனக்குத்தான் சுருக்குன்னுச்சு. காலையிலிருந்து ஃப்ளாஹெர்ட்டியை வறுத்தெடுத்துட்டு வந்தவன், ஒரு கல்லுக்கும் ஒரு ஜாக்கெட்டுக்கும் அதையேதானே செய்றேன்! அவர் அலையில் ஆளை இறக்கினார், நான் குளிரில். அளவுதான் வித்தியாசம்.

அதுக்காக ஃப்ளாஹெர்ட்டி எடுத்ததெல்லாம் வேஸ்ட்னு சொல்ல முடியலை. அந்த முகங்களையும் அந்தக் கடலையும் அவர் அளவுக்கு ஆசையாகப் பார்த்த கேமரா குறைவு. இன்னிக்கும் பலர் இந்தத் தீவைத் தேடி வருவதற்கு அந்தப் படமும் ஒரு காரணம். ஆனால், கூட்டிச் சேர்த்ததைக் கூட்டிச் சேர்த்ததுன்னு சொல்லாமலே விட்டுட்டார். 1978-ல் ஜார்ஜ் ஸ்டோனி இதே தீவுக்கு வந்து, அந்தப் படம் எப்படி உருவானதுன்னு தனியா ஒரு டாகுமென்டரியே எடுத்தார்.

எங்க அஞ்சு நிமிஷப் படம் ரெடி. அதில் பச்சை ஜாக்கெட் இருக்கு. டிராக்டர் இருக்கு. ‘‘கழட்டினீங்கன்னா...’’ன்னு நான் கேட்கிற அசட்டுக் குரலும், ‘‘குளிருது தம்பி’’யும் இருக்கு.

ரூம்மேட் கட் பண்ணச் சொன்னான். நான் பண்ணலை!