கேஸ் ஷீட்டின் முதல் வரி

மண்ணூர்பேட்டை, பாடி, அம்பத்தூர் எஸ்டேட் வட்டாரத்தில் கண் ஆபரேஷனுக்கு வருகிறவர் டாக்டரிடம் உட்காரும் நேரத்தைவிட இன்சூரன்ஸ் கவுண்டரில் உட்காரும் நேரம் அதிகம். ஆனாலும் அந்தக் கவுண்டர் வேலைக்கு மருத்துவமனைக்குள்ளேயே மதிப்பு கிடையாது. ஜெராக்ஸ் எடுப்பது, போர்ட்டலில் ஏற்றுவது, கம்பெனி சார்பில் கிளெய்மைப் பரிசீலிக்கும் டிபிஏ-விடமிருந்து அப்ரூவல் வந்தால் கூப்பிட்டுச் சொல்வது, இவ்வளவுதான் என்று நினைத்துப் புதுப் பிள்ளைகளைப் பயிற்சியே இல்லாமல் உட்கார வைக்கிறார்கள். கிளெய்ம் திரும்பி வந்தால் "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. பல கிளெய்ம்களின் தலையெழுத்து டிபிஏ அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே, கேஸ் ஷீட்டின் முதல் வரியில் எழுதப்பட்டுவிடுகிறது. அந்த வரியைப் படிக்கத் தெரியாதவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதே என் கட்சி.

"எத்தனை நாளாம்மா பார்வை மங்கலா இருக்கு?" என்று ஆப்டோமெட்ரிஸ்ட் கேட்கிறார். "அது ஆச்சுப்பா, அஞ்சு வருஷமா இப்படித்தான்" என்கிறார் அந்த அம்மா. அவர் சொல்லில் அஞ்சு வருஷம் என்பது கணக்கல்ல, அலுப்பு. ஷீட்டிலோ 'ஐந்து ஆண்டுகளாக இரு கண்ணிலும் பார்வைக் குறைவு' என்று ஏறிவிடுகிறது. பாலிசி எடுத்து இரண்டு வருஷம் இரண்டு மாசம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கண்புரை. அதற்குக் கிளெய்ம் செய்ய வழக்கமாக உள்ள 24 மாத வெயிட்டிங் தாண்டியாயிற்று. ஆனால் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, நோய் பாலிசிக்கு முன்பே இருந்தது என்று கம்பெனி எழுதலாம். முன்பே இருந்த நோய்க்கு வெயிட்டிங் 36 மாதம் வரை போகும். இரண்டு வெயிட்டிங்கும் பொருந்தினால் எது நீளமோ அதுதான் செல்லும். அஞ்சு வருஷம் என்ற அலுப்பு இப்போது ஒரு நிராகரிப்புக் கடிதமாகிவிட்டது.

அந்தக் கடிதத்துக்கான பதில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் விதியிலேயே இருக்கிறது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னதோ, ஆலோசனையோ சிகிச்சையோ தந்ததோதான் முன்பே இருந்த நோய். நோயாளிக்கு மங்கலாகத் தெரிந்தது அந்த இலக்கணத்தில் வராது. மங்கலுக்குப் புரை மட்டுமா காரணம்? பவர் மாறியிருக்கலாம், கண் உலர்ந்திருக்கலாம். ஸ்லிட் லாம்பில் புரையை முதன்முதலில் யார், என்றைக்குப் பார்த்தார் என்பதை டாக்டர் தனியாக எழுத வேண்டும். வீட்டில் எங்கேயாவது கிடக்கும் பழைய கண்ணாடிச் சீட்டைத் தேடி எடுத்துவரச் சொல்ல வேண்டும். பாலிசி எடுத்த சமயத்தில் கண்ணாடியோடு 6/6 தெரிந்தது என்று அந்தச் சீட்டில் இருந்தால், கம்பெனியின் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. இன்று அந்தச் சீட்டைக் கேட்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இது நோயாளிக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பதாகாதா என்று சில டாக்டர்களே கேட்கிறார்கள். ஆகாது. பாலிசிக்கு முன்பே ஒரு டாக்டர் புரை என்று சொல்லியிருந்தால் அதுவும் அதே ஷீட்டில் ஏற வேண்டும். வெயிட்டிங் முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சர்க்கரை நோயும் அப்படியே. அதை மறைத்துப் பாலிசி எடுத்துவிட்டு விழித்திரைக்கு ஊசி போட வருகிறவரை எந்தக் கவுண்டரும் காப்பாற்ற முடியாது. ஐந்து வருஷம் விடாமல் கட்டிய பாலிசியைக் கிளறக் கூடாது என்ற விதிகூட மோசடிக்குப் பொருந்தாது. நான் கேட்பது, நடந்ததை நடந்த தேதியோடு எழுதுங்கள் என்பதை மட்டும்தான்.

அடுத்த குறை இ.எம்.ஐ. கடன். அப்ரூவலில் ஒரு கேள்வி வந்தால் போதும், அந்தக் கடன் படிவத்தை நீட்டிவிடுகிறார்கள். நோயாளிகளே அவசரப்படுகிறார்களே என்பார்கள். விழித்திரை பிய்ந்து வந்தவருக்கு அவசரம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். புரை பெரும்பாலும் ஒரு வாரம் காத்திருக்கும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று 2024-லேயே விதி வந்துவிட்டதே, அதைச் சொல்லிக் கேட்கிறவர் யார்? வட்டியில்லாக் கடன் என்ற ஒன்றே கிடையாது என்று 2013-இல் ரிசர்வ் வங்கி சொல்லியாயிற்று. தள்ளுபடியாகக் கிடைத்திருக்க வேண்டிய பணம் அங்கே வட்டியாகப் போகிறது. லென்ஸ் விஷயத்திலும் இதே அவசரம். ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் வரம்பு. மல்டிஃபோகல் வைத்தால் மேலே எவ்வளவு கைக்காசு என்பதை ஆபரேஷனுக்கு முன்னால் எழுதிக் காட்ட வேண்டும். முடிந்தபின் லென்ஸ் ஸ்டிக்கரைக்கூடப் பில்லோடு ஒட்டாமல் அனுப்பி, அதற்கு ஒரு கேள்வி வாங்குகிறார்கள். எஸ்டேட் ஐ.டி. கம்பெனியில் பிள்ளை வேலை பார்ப்பதால் குரூப் பாலிசியில் இருக்கும் பெற்றோரிடம், பிள்ளை வேலை மாறுவதற்குள் இரண்டாவது கண்ணைப் பற்றி முடிவெடுங்கள் என்று சொல்லவும் ஆளில்லை.

என்னை அதிகம் உறுத்துவது எஸ்டேட் தொழிலாளி விஷயம். கிரைண்டிங் பொறி பறந்து கண்ணில் தைத்து வருகிறார். கூட வந்த மேஸ்திரி காசு கட்டிவிடுகிறார். ஷீட்டில் 'கண்ணில் தூசி' என்று மட்டும் ஏறுகிறது. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தமும் ஆகிறது. வேலையில் பட்ட காயம் என்றால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். ஒரு கண்ணில் பார்வை போய் மறு கண் நன்றாக இருந்தால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று 1948 இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணை வகுத்தது. கண்ணே போனால் 40. நிரந்தர ஊனத்துக்கான தொகை ஆயுள் முழுக்க வரும். இதற்கெல்லாம் முதல் ஆதாரம், எந்த நேரத்தில் எந்த மெஷினில் வேலை செய்யும்போது பட்டது என்ற ஒரு வரி. காசு கட்டியாயிற்று, இனி கவுண்டருக்கு என்ன வேலை என்கிறார்கள். தூசி என்று எழுதிய ஷீட்டை வைத்துக்கொண்டு பிறகு எந்த மெடிக்கல் போர்டு முன் நிற்பது?

தனியார் கவுண்டரில் இருந்துகொண்டு இலவச இடங்களை ஏன் சொல்ல வேண்டும் என்றும் கேட்பார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருப்பவருக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. எந்தச் சிகிச்சை எந்த மருத்துவமனையில் அதில் சேரும் என்று பட்டியலைப் பார்த்துச் சொல்லலாம். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பல் அரவிந்த் இருக்கிறது. வசதியில்லாதவரை இ.எம்.ஐ.-யில் மாட்டிவிட்டு வரும் வருமானம் மருத்துவமனைக்கு நல்ல பெயர் தராது.

இவ்வளவுக்குப் பிறகும் கிளெய்ம் திரும்பினால், முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையிலேயே இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கேஸ் ஷீட் நகலை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.