ரூம் ஐடியும் கேரம் பவுடரும்

வார நாள்ல ஓஎம்ஆர்ல பொட்டி தட்டுறேன். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை திருவொற்றியூர்ல பப்ஜி டோர்னமெண்ட் நடத்துறேன். (சரி சரி, பிஜிஎம்ஐ. ஆனா எங்க ஏரியாவுல இன்னும் எல்லாருக்கும் அது பப்ஜிதான்.) முதல் வேலையைச் சொன்னா சொந்தக்காரங்க முகத்துல வர்ற மரியாதை, ரெண்டாவதைச் சொன்னதும் சர்ருனு இறங்கிடும். இந்தப் பதிவு அந்த ரெண்டாவது வேலையைப் பத்தி.

இஞ்சினியரிங் முடிச்ச புதுசுல நாலு பேர் சேர்ந்து ஒரு டீம் ஆரம்பிச்சோம். ஆட்டம் சுமார் ரகம். நம்மளவிட அஞ்சு வயசு சின்னப் பசங்க வந்து அடிச்சுத் துவைக்க ஆரம்பிச்சதும், கௌரவமா ஆர்கனைசர் ஆயிட்டோம் :)

டோர்னமெண்ட்னா என்ன பெருசா, போனை எடுத்து ஆட வேண்டியதுதானேன்னு நினைப்பீங்க. ஒரு கஸ்டம் ரூம்ல நூறு பேர் ஆடலாம். நாலு பேர் டீம்னா இருபத்தஞ்சு டீம். நாங்க இருபதோட நிறுத்திக்குவோம். ஏன்னா எண்பது போன் ஒரே ஹால்ல உக்காந்தா எந்த வைஃபையும் தாங்காது. அவனவன் சொந்த டேட்டாவுலதான் ஆடணும். சிக்னல் கிடைக்காதவன் மொட்டை மாடி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பத்து. வெயில்ல சூடாகி ஸ்லோ ஆகுற போனுக்கு டேபிள் ஃபேன். ரூம் ஐடியும் பாஸ்வேர்டும் மேட்சுக்குப் பத்து நிமிஷம் முன்னாடிதான் குடுப்போம். அதுக்குள்ளயே எவனாவது வாட்ஸப்புல தட்டிவிட்டு, ஊர் பேர் தெரியாத ஒருத்தன் உள்ள வந்து குந்திக்குவான். அவனைத் தேடித் தூக்கணும்.

முதல் வருஷம் எங்களுக்குத் தலைவலி குடுத்தது வேற ஒரு விஷயம். ஒரே தெருப் பசங்க ரெண்டு டீமா வருவாங்க. உள்ள போனதும் ஒருத்தனை ஒருத்தன் சுட மாட்டான், சேர்ந்து மத்தவனைச் சுடுவான். கேட்டா "அண்ணா, பாக்கவே இல்லண்ணா"ம்பான். எப்படி நிரூபிக்கிறது?

வழி சொன்னது கீழ்மாடியில கேரம் கிளப் நடத்துற பெரியவர். அவர் போன்ல ஆடத் தெரிஞ்சது பேசுறது மட்டும்தான். "ஒரே கிளப் ஆளை நாங்க முதல் ரவுண்டுல மோத விட மாட்டோம் தம்பி, டிரா போடும்போதே பிரிச்சுடுவோம். நீ ஏன் ரெண்டு டீமையும் ஒரே ரூம்ல போடுற?" அவ்ளோதான். டீம்களை ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரே தெரு ஆளுங்களை வேற வேற குரூப்ல போட்டோம். பாதிப் பிரச்சினை அன்னிக்கே முடிஞ்சது. ஃபைனல்ல மட்டும் பக்கத்துல ஆள் நின்னு பாத்துக்குவோம்.

அப்புறம்தான் கவனிச்சேன், நாங்க பண்றதெல்லாமே கேரம்காரங்க பண்ணினதுதான். சுவத்துல ஒட்டுற நோட்டீஸ், ஃபிக்ஸ்ச்சர், லேட்டா வந்தா வாக்ஓவர், அம்பயர் சொல்றதே முடிவு, கடைசியில டீயும் பன்னும். அவங்களுக்கு இருபத்தஞ்சு பாயிண்ட் இல்லைன்னா எட்டு போர்டு. எங்களுக்கு முதலிடத்துக்குப் பத்து, ஒரு ஃபினிஷுக்கு ஒண்ணு.

வடசென்னைக்கும் கேரமுக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாததில்ல. 'வடசென்னை' (2018) படத்துல தனுஷ் கேரம் ஆடுறது சும்மா வச்சதில்ல. 1991லயும் 1995லயும் உலக சாம்பியன் ஆகி, 1996ல அர்ஜுனா விருது வாங்கின மரிய இருதயம் சென்னைக்காரர். 2008ல பிரான்சுல உலகப் பட்டம் ஜெயிச்ச இளவழகி வியாசர்பாடி. 2024 நவம்பர்ல அமெரிக்காவுல மூணு தங்கம் வாங்கின காசிமா புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர், ஆட்டோ ஓட்டுநர் பொண்ணு. தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் குடுத்துச்சு.

இப்ப எங்க ஆளு ஒருத்தனைப் பத்திச் சொல்லணும். காசிமேட்டுப் பையன், அப்பா விசைப்படகுல போறவரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் அறுபத்தியோரு நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த ரெண்டு மாசம் துறைமுகத்துல போட்டெல்லாம் கட்டியே கிடக்கும், பசங்க கையில நேரம் கிடக்கும். எங்க பெரிய டோர்னமெண்ட் எல்லாம் அப்பதான் வைப்போம். 2022 தடைக்காலத்துல இவன் டீம் ரெண்டு தடவை ஜெயிச்சது. அவன்தான் ஐஜிஎல், அதாவது உள்ள எந்தப் பக்கம் போகணும், எப்ப சுடணும்னு முடிவெடுக்கிறவன். பத்தொன்பது வயசு. எதிர் டீம் எந்த வீட்டுல இருக்கும்னு சத்தம் கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லுவான். ஆன்லைன் குவாலிஃபையர் ஒண்ணுக்குத் தயாராகிட்டிருந்தான்.

2022 ஜூலை 28. பிஜிஎம்ஐ ரெண்டு ஸ்டோர்லயும் காணோம். அரசு உத்தரவு.

எங்களுக்கு இது புதுசில்ல. 2020 செப்டம்பர் 2ல பப்ஜி மொபைல் போச்சு. 2022 பிப்ரவரி 14ல ஃப்ரீ ஃபயர் போச்சு. இந்தத் தடவை ஏற்கெனவே போன்ல வச்சிருந்தவனுக்கு ஓடிச்சு. இவன் போன் அடுத்த மாசமே ரிப்பேர். அதுக்குள்ள ஸ்பான்சர்களும் பின்வாங்க, பெரிய போட்டியெல்லாம் நின்னு போச்சு. பத்து மாசம் கழிச்சு 2023 மே மாசம் கேம் திரும்பி வந்தப்போ, அவன் ஒரு கண்டெய்னர் யார்டுல நைட் ஷிஃப்ட்ல டேலி எழுதிட்டிருந்தான்.

தடை சரியா தப்பான்னு நான் இங்க பேச வரல. டேட்டா, பாதுகாப்புன்னு அரசு சொன்ன காரணங்கள் உண்டு. நான் சொல்றது இதுதான்: கேரம் போர்டு கிளப்போடது. போரிக் பவுடர் தீர்ந்தா கடையில வாங்கலாம். போர்டு ஒடஞ்சா வசூல் பண்ணி வேற போடலாம். எங்க ஆட்டம் எங்களோடது இல்ல. அது ஒரு கம்பெனியோடது, அந்தக் கம்பெனி இங்க இருக்கிறது அரசு அனுமதியில. சாவி ரெண்டும் வேற ஆள் கையில.

போன வருஷம், அதாவது 2025 தொடக்கத்துல, அவன் அம்மா என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. "இன்னா தம்பி, கேரம் ஆடின அந்தப் பொண்ணுக்கு ஒரு கோடி குடுத்தாங்களாமே. இவனும் ராத்திரி பகலா ஆடினான். இதுக்கு ஒரு வேலை கீல கிடைக்குமா?"

நானும் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். 2022 டிசம்பர்ல இ-ஸ்போர்ட்ஸை மத்திய அரசு பல்விளையாட்டுப் போட்டிகள்ல ஒரு பிரிவா சேர்த்தது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுல முதல் தடவையா பதக்கமே குடுத்தாங்க. அந்தப் பேச்சுக்கப்புறம், 2025 ஆகஸ்ட்ல வந்த ஆன்லைன் கேம் சட்டம் பணம் வச்சு ஆடுறதைத் தடை பண்ணி, இ-ஸ்போர்ட்ஸைத் தனியா அங்கீகரிக்குது. ஆனா கேரம்ல பெட்ரோலியக் கம்பெனிகள், ரிசர்வ் வங்கி, எல்ஐசின்னு டீம் வச்சு ஆடுறாங்க. ஆடினவனுக்கு வேலைன்னு ஒரு வழி இருக்கு. எங்க பக்கம் அந்த மாதிரி காட்ட எனக்கு ஒரு ஆள் தெரியாது. "இப்போதைக்கு இல்லம்மா"ன்னேன். அவங்க கோவப்படல. "அப்போ யார்டு வேலையை விட வேணாம்னு நீயே சொல்லு, நீ சொன்னா கேப்பான்"னாங்க. சொன்னேன்.

ஆனா ஞாயித்துக்கிழமை அவனை விடல. இப்போ பாயிண்ட் டேபிள், குரூப் பிரிக்கிறது, தகராறுல தீர்ப்பு எல்லாம் அவன்தான். சைடுல எவனாவது பெட் கட்டினா அந்த டீமே வெளிய, அதுவும் அவன் போட்ட ரூல். இந்தத் தடைக்காலத்துக்கு ஹால்ல ஒரு பக்கம் பிஜிஎம்ஐ, ஒரு பக்கம் கால்பந்து கேம், கீழ்மாடியில இருந்து தூக்கிட்டு வந்து ரெண்டு கேரம் போர்டுன்னு பிளான் போட்டிருக்கான். ஏண்டான்னு கேட்டேன். "எது போனாலும் டோர்னமெண்ட் நடக்கணும்ணா"ன்னான்.

டிஸ்கி: உங்க ஏரியாவுல இந்த மாதிரி நடத்துறவங்க இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ரூம்ல பூந்து உக்கார்றவனைக் கண்டுபிடிக்க ஈஸியான வழி தெரிஞ்சா அதையும். ஆபீஸ்ல புடுங்க வேண்டிய ஆணி நிறைய இருக்கு, அப்பீட்டு :)