திருப்பூரில் ஒரு வேலை தெரிந்த விடுதி

சேரன், நீலகிரி எக்ஸ்பிரஸ்களில் சென்னையிலிருந்து வருகிறவர்கள் திருப்பூரில் இறங்கும்போது விடிந்திருக்காது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த விடுதிக்கு நானும் அந்நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தேன். வரவேற்பில் இருந்த இளைஞர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். "ரூம் ரெடிங்க. நாளைக்கு இதே நேரம் வரைக்கும் உங்க கணக்குங்க" என்றார். பகல் 12 மணி வரை பெட்டியோடு வரவேற்பறையில் காத்திருக்கும் வேலை இல்லை. குளித்து, சற்றுக் கண்ணயர்ந்து, 9 மணிக்கு கம்பெனியில் இருக்கலாம்.

ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. வெளிநாட்டு பையர், பையிங் ஏஜென்ட், சாயம் விற்பவர், மெஷின் மெக்கானிக் என்று இங்கே தங்குகிற எல்லோருமே வேலையாக வந்தவர்கள். விடுதி அதைப் புரிந்துவைத்திருக்கிறது.

அறை பெரிதில்லை, ஆனால் மேஜை பெரிது. எந்த நாட்டுப் பின்னும் பொருந்தும் ப்ளக் பாயின்ட் மேஜை மட்டத்திலேயே இருக்கிறது. சாவி அட்டையை உருவிக்கொண்டு வெளியே போனால் விளக்கும் ஏசியும் அணைகின்றன. மேஜை ப்ளக்குக்கு மட்டும் தனி இணைப்பு என்பதால் லேப்டாப் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கிறது.

முதல் மாடியில் இருக்கும் மீட்டிங் ஹாலைக் கட்டாயம் பார்க்கச் சொன்னார் மேலாளர். சுவரோரம் ஆடைகளைத் தொங்கவிடும் ஸ்டாண்டு, நடுவில் வெள்ளை மேஜை, மூலையில் ஒரு லைட் பாக்ஸ். சாயப்பட்டறையிலிருந்து வந்த நேவி ப்ளூ லேப் டிப் (சாயச் சோதனைத் துணி) ஒன்றை அங்கிருந்த மெர்ச்சண்டைசர் ஒருவர் அதற்குள் வைத்தார். பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில் அது ஒப்புதல் சாம்பிளோடு ஒத்துப்போனது. கடை வெளிச்சத்துக்கான டிஎல்84-க்கு மாற்றியதும் லேசாகச் சிவப்படித்தது. "இதை அனுப்பினா ஷிப்மென்ட்டே திரும்பிடுங்க" என்றார் அவர். நிறத்தைப் பார்க்கவென்று பையரை இன்னொரு இடத்துக்கு அழைத்துக்கொண்டு போகாமல், தங்கிய இடத்திலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். குறை ஒன்றுதான்: இப்படி ஒரே ஹால் இருப்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஜெர்மனியில் அலுவலகம் மூடும் மாலை 5 மணி, கோடையில் நமக்கு இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. அங்கே போன் பேசி முடித்துக் கீழே வருகிறவருக்குச் சூடாகச் சாப்பாடு வேண்டும். சமையலறை நள்ளிரவு வரை இயங்குகிறது. காலையில் ரொட்டி, முட்டையோடு தேங்காய்ப்பால் விட்ட சந்தகையும் வைக்கிறார்கள். வெளிநாட்டவர் இரண்டாம் முறை கேட்டு வாங்குவதைப் பார்த்தேன்.

பில் விஷயத்திலும் தெளிவு. முன்பதிவின்போதே கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு வாங்கி பில்லில் போட்டுவிடுகிறார்கள். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான். அடிக்கடி பயணம் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு இது நல்ல ஆறுதல்.

கடைசியாகக் கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய ஓட்டுநர் அறையைப் பார்த்தேன். கட்டில், மின்விசிறி, குளியலறை எல்லாம் சுத்தமாக இருந்தன. விடுதிகளில் ஓட்டுநர்களுக்கு ஓய்விடம் இருக்க வேண்டும் என்று 2023-ல் தமிழக அரசு கட்டட விதிகளில் சேர்த்தது. பல இடங்களில் ஓட்டுநர்கள் இன்றும் சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு காரிலேயே தூங்குகிறார்கள். பையரை அதிகாலை விமானத்துக்குக் கோவை வரை கூட்டிப்போகிறவருக்கு மூன்று மணி நேரத் தூக்கம் உயிர்ப் பிரச்சினை. தொழிலுக்கு உகந்த விடுதி என்று பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்வோர் இந்த அறையைத்தான் முதலில் கட்ட வேண்டும். அறை பதிவு செய்யும் நிறுவனங்களும் வைஃபை இருக்கிறதா என்று கேட்பதோடு, டிரைவருக்குப் படுக்கை உண்டா என்றும் கேட்டுப் பழக வேண்டும்.