வெங்காயச் சருகு தந்த சிவப்பு

லாட்வியாவின் தலைநகர் ரீகா. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மாலை. ஏப்ரல் பிறந்தும் குளிர் விட்டபாடில்லை. "வா, முட்டைக்குச் சாயம் போடலாம்" என்று வீட்டுக்காரம்மா கூப்பிட்டார். எழுபதைத் தாண்டியவர்.

சாயப்பொடியும் தூரிகையும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். சமையலறை மேசையில் இருந்தது ஒரு பை நிறைய வெங்காயச் சருகு. குளிர்காலம் முழுக்க உரித்ததைக் குப்பையில் போடாமல் சேர்த்து வைத்திருக்கிறார். பக்கத்தில் பழைய படுக்கை விரிப்பிலிருந்து கிழித்த சதுரத் துண்டுகள், நூல்கண்டு, ஒரு பிடி அரிசி, கொஞ்சம் பார்ஸ்லி.

வெள்ளை முட்டை ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, பார்ஸ்லி இலை ஒன்றை அதன்மேல் ஒட்டினார். சுற்றிலும் நாலைந்து அரிசி. எல்லாவற்றையும் மூடிச் சருகு. அதற்குமேல் துணி. பிறகு நூலால் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல இறுக்கிச் சுற்றினார்.

நானும் ஒன்று கட்டினேன். வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "இலை ஓட்டோடு ஒட்டியிருக்கணும். இடைவெளி விட்டால் சாயம் உள்ளே புகுந்துவிடும்" என்றார். இலை மறைத்த இடம் வெளுப்பாக நிற்கும். மற்ற இடம் சிவக்கும். சூட்சுமம் அவ்வளவுதான்.

பொட்டலங்களைச் சருகு போட்ட தண்ணீரில் இறக்கி, கொதி வந்தபின் பதினைந்து நிமிடம் வேகவிட்டார். தண்ணீர் தேநீர் டிகாக்‌ஷன் மாதிரி கறுத்தது. குவெர்செட்டின் போன்ற நிறமிகள் சருகில் உண்டு. அவை முட்டையோட்டில் தாமாகவே நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு பாத்திரத்தில் சிவப்பு முட்டைக்கோஸ் வேகவைத்து ஆறிய நீர். அதில் ஒரு கரண்டி வினிகர் விட்டு, முன்பே அவித்த முட்டைகளை முக்கினார். ஓட்டின்மேல் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. ஓட்டின் சுண்ணாம்புச் சத்தை வினிகர் லேசாக அரிப்பதன் அடையாளம். நீர் ஊதா; ஆனால் இரவெல்லாம் ஊறிய முட்டை காலையில் நல்ல நீலம். முட்டைக்கோஸின் நிறமி புளிப்பில் சிவக்கும், சுண்ணாம்பு பட்டால் நீலமாகும்.

மூன்றாவது கிண்ணத்துக்கு ஒரு சின்னப் புட்டியைத் திறந்து, தேக்கரண்டியால் அளந்து அளந்து போட்டார். 'குர்குமா'வாம். நம் மஞ்சள்தூள்! விரலில் பட்டதைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். "போகாது" என்றேன். அந்தச் சமையலறையில் எனக்குத் தெரிந்திருந்த ஒரே விஷயம் அதுதான்.

பொட்டலங்கள் ஆறியதும் கத்தரியால் நூலை வெட்டினோம். அவருடைய முட்டையில் செம்பழுப்புப் பின்னணியில் பார்ஸ்லி இலை நரம்பு நரம்பாக விழுந்திருந்தது. அரிசி இருந்த இடமெல்லாம் வெள்ளைப் பொட்டு. என்னுடையதில் இலை என்று சொல்ல ஒன்றுமில்லை, ஏதோ மேகம் கலைந்தாற்போல ஒரு திட்டு. எண்ணெய் தொட்ட துணியால் அதையும் துடைத்துப் பளபளப்பாக்கி, "ரொம்ப அழகு" என்றார்.

மறுநாள் காலை முட்டையோடு முட்டை மோதும் விளையாட்டு. யார் முட்டை உடைகிறதோ அவர் தோற்றவர். முதல் மோதலிலேயே என் மேகம் நொறுங்கியது. உரித்து வாயில் வைக்கப் போனவனைத் தடுத்தார். "உப்புத் தொட்டுக்கொள். ஈஸ்டர் முட்டையை உப்பில்லாமல் தின்றால் வருஷம் முழுக்கப் பொய் சொல்வாய் என்பார்கள்."

நான் தொட்டுக்கொண்டு, உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். என் முட்டையை அழகு என்றவர் அவர்தானே!